எல்லோரிடமும் அரிசி இருந்தது

மகனே, இந்தக் கடிதத்தைக் கந்தோரில் வைத்து உடைக்காதே. வீட்டுக்குக் கொண்டுபோய், கைகால் கழுவி, தேத்தண்ணி குடித்துவிட்டு, கதிரையில் ஆறுதலாக இருந்து வாசி. உன் மனைவியும் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. அம்மாவுக்கு ஏதோ வருத்தம் என்று பயப்படாதே. மூட்டுவலியைத் தவிர எனக்கு ஒன்றுமில்லை, வாயும் முந்தியைப் போலத்தான் இருக்கிறது. அந்த வாயைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். பொங்கலுக்கு நீங்கள் இரண்டு பேரும் வந்து நின்றபோது குசினியில் வைத்து ஒருதரம் தொடங்கினேன். நீ தேங்காய்த் துருவலை அள்ளி வாயில் போட்டபடி, "என்னம்மா, மருமகளோடை ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டாய். பாவம், அந்தப் பிள்ளை வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். நான் கதையை விழுங்கிவிட்டேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

உன் கலியாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் வைத்த விருந்தை நினைத்துப் பார். ஊர் முழுக்கப் பாணுக்கு வரிசையில் நிற்கிறது, மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தின்கிறது, கோதுமை மாவில் புட்டும் ரொட்டியும் தின்று வயிறு ஊதிப்போய்க் கிடக்கிறது. அந்த நேரத்தில் நாங்கள் வாழையிலை விரித்துச் சோறு போட்டோம். மட்டக்களப்பிலிருந்து வந்த உன் மாமி இலையைப் பார்த்துவிட்டு, "சம்பந்தியம்மா, இந்தக் காலத்தில இப்பிடிச் சோறு ஆரு போடுவாங்க?" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னா. எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. புருஷனில்லாத பெண், விருந்தில் என்னத்தை வைத்துக் கிழிக்கப்போகிறாள் என்று நினைத்து வந்தவர்களுக்கு வாய் அடைத்துப் போயிற்று. நீ இரண்டாவது முறையும் சோறு போடச் சொன்னாய். அரசாங்கக் கச்சேரியில் உணவுப் பகுதியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு, அரிசி ஏற்றுவதற்கான பெர்மிட்டுகளை எழுதுகிறவன் நீ. இந்த அரிசி எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. கேட்காமல் விட்டாயே என்று அன்றைக்கு எனக்குப் பெரிய நிம்மதி.

அது தோப்பூர் அரிசி. உன் அப்பா துறைமுகத்தில் வேலை செய்த காலத்தில் பழகிய குடும்பம் ஒன்று அங்கே வயல் செய்கிறது. நெல்லைக் குத்தித் தந்தார்கள். ஆனால் தோப்பூரிலிருந்து மூதூருக்கு வந்து, லோஞ்சுப் படகில் குடாவைக் கடந்து, இங்கே திருகோணமலைத் துறையில் இறங்குகிறபோது பொலிஸ் நிற்கும். பெர்மிட் இல்லாமல் கையில் கொஞ்சத்துக்கு மேல் அரிசி கண்டால் பறித்துக்கொண்டு வழக்கும் போடும். சட்டத்தை உனக்கு நான் படிப்பிக்கத் தேவையில்லை. உன்னிடம் பெர்மிட் கேட்டிருக்கலாம். கேட்டால் நீ விண்ணப்பம் எழுது என்பாய், அதற்குள் உனக்குப் பிள்ளையும் பிறந்துவிடும். அதனால் நான் மா வந்த சீலைப் பையை வெட்டி, நீட்டு நீட்டாகத் தைத்து, அரிசியை நிரப்பிப் பாவாடைக்குள் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வரத் தொடங்கினேன். வயிற்றுப் பக்கம் கட்டினால் விதவைப் பொம்பிளையைப் பற்றி ஊர் வேறு கதை கதைக்கும் என்று, பின்பக்கமும் பக்கவாட்டிலும்தான் கட்டினேன். சிரிக்காதே. அப்படிக் கட்டிக்கொண்டு பல தடவை வந்தேன். இறங்குகிறபோது குனிய ஏலாது, நிமிர ஏலாது, அடிமரம் மாதிரி நடந்து வருவேன்.

லோஞ்சில் எனக்கு மட்டும்தான் இந்தப் பிழைப்பு என்று நினைத்துவிடாதே. கருவாட்டுப் பெட்டிக்கு அடியில் அரிசி. மடக்கிய குடைக்குள் அரிசி நிரப்பி, வெயிலில் வியர்த்துக்கொண்டு குடையைக் கட்டிப்பிடித்தபடி இருந்த ஒரு வாத்தியாரையும் எனக்குத் தெரியும். தமிழர், முஸ்லிம்கள், இரண்டு மூன்று சிங்கள வியாபாரிகள், எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்து ஒன்றும் தெரியாத முகத்தோடு இருப்போம். லோஞ்சு ஓட்டுகிறவருக்கும் தெரியும். இந்த விஷயத்தில் எங்களுக்குள் நல்ல ஒற்றுமை. அதைப் பற்றி நான் அப்போது பெருமைகூடப் பட்டிருக்கிறேன்.

விருந்துக்கு முந்திய வாரம், கடைசித் தடவை. கடல் குழம்பியிருந்தது. எனக்குப் பக்கத்தில் மூதூர்ப் பெண் ஒருத்தி, முப்பத்தைந்து வயது சொல்லலாம், முக்காட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெளிறிப்போய் இருந்தாள். காலடியில் பன் புல்லில் இழைத்த ஒரு பை. அவளாகவே கதை தொடங்கினாள். மூத்த பெண்ணுக்கு நிக்காஹ் சரி வந்திருக்கிறதாம். புருஷனுடைய தாயார் பேத்திக்கென்று தந்த பழைய சங்கிலியை ஊரில் செப்பம் செய்ய ஆளில்லை, திருகோணமலையில் தட்டாரிடம் கொடுத்து நீட்டப் போகிறாளாம். மெல்லிய குரலில்தான் சொன்னாள். "எண்ட மகனுக்கும் கலியாணம் முடிஞ்சுது பிள்ளை, வாற கிழமை விருந்து" என்று நானும் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தோம். கொஞ்சத் தூரம் போனதும் அவளுக்கு ஓங்காளம் வந்துவிட்டது. "அக்கா, இந்தப் பையை ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்க" என்று சொல்லிவிட்டு எழும்பி ஓரத்துக் கம்பியைப் பிடித்துக் கடலுக்குள் வாந்தி எடுத்தாள். நான் "ஓம் பிள்ளை, நான் பாக்கிறன்" என்றேன்.

நான் பார்த்தேன் மகனே. எங்களுக்கு எதிரே இருந்த வாங்குப் பலகையில் ஒருத்தன், வெள்ளைச் சேட்டு, எண்ணெய் வைத்து வாரிய தலை, மடியில் விரித்த பேப்பர். கண்டால் கந்தோர் உத்தியோகத்தன் என்றுதான் சொல்லுவாய். பேப்பருக்குக் கீழாலே அவன் கை வந்தது. பன் பைக்குள் போனது. சிவப்புக் கரை போட்ட கைலேஞ்சித் துணி முடிச்சு ஒன்று வெளியே வந்து பேப்பருக்குள் மறைந்தது. நான் வாயைத் திறந்துவிட்டேன், சத்தம் வருகிற நேரம். அவன் தலையை நிமிர்த்தி என்னை நேராகப் பார்த்தான். பிறகு என் இடுப்பைப் பார்த்தான். பிறகு ஒரு பக்கத்தைத் திருப்பி வாசிக்கத் தொடங்கினான். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் திரும்பி வந்து, முகத்தைத் துடைத்து, பைக்குள் கையை விட்டாள். துழாவினாள். பிறகு பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். ஒரு சீப்பு, வெற்றிலைப் பொட்டலம், மாற்றுச் சீலை. "யா அல்லாஹ், எண்ட புள்ளட சங்கிலி!" என்று அவள் கத்தினது இஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. முதலில் எல்லோரும் பதறித்தான் போனார்கள். பலகைக்கடியில் பாருங்கள், அங்கே பாருங்கள் என்று நாலு பேர் குனிந்தும் பார்த்தார்கள், அதில் ஒரு பொய்யுமில்லை. அவள் சொன்ன அடுத்த வார்த்தைதான் எல்லாவற்றையும் மாற்றியது. "தொறையில பொலிசு நிக்குதுதானே, அவங்ககிட்டச் சொல்லுவம். எல்லாரையும் சோதிக்கட்டும், எண்ட பொருள் வந்திரும்" என்றாள். குனிந்தவர்கள் நிமிர்ந்தார்கள். அன்றும் வந்திருந்த குடை வாத்தியார் குடையை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துக்கொண்டார்.

பிறகு ஒவ்வொருவராக இரக்கத்தோடு கதைக்கத் தொடங்கினார்கள். அந்த இரக்கத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. "நல்லா யோசிச்சுப் பார் புள்ள, வீட்டுல வச்சிட்டு வந்திருப்பாய்" என்றார் அவளுடைய ஊர்க்காரர் ஒருவர். "வாந்தியிலை தலை சுத்தினால் அப்பிடித்தான், வைச்சது எடுத்தது தெரியாது" என்று ஒரு அம்மா. "பொலிசுக்குப் போனா நீங்கதான் நீதிமன்றத்துக்கு அலையோணும்" என்று வாத்தியார். ஒருவர் சோடாப் போத்தல் உடைத்துக் கொடுத்தார். எல்லோரும் அவளைத் தேற்றினார்கள், ஒருவரும் அவளை நம்பவில்லை. அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் என் கையைப் பிடித்தாள். "அக்கா, நீங்க பாத்துக்கொண்டுதானே இருந்தீங்க? ஆராச்சும் கை வச்சாங்களா?"

காணவில்லை என்று சொல்லி விட்டிருக்கலாம். அந்த ஒரு பொய்யோடு நின்றிருந்தால் இந்தக் கடிதம் பாதியாவது குறைந்திருக்கும். ஆனால் எனக்கு அவள் கையை விட வேண்டும், துறை வருவதற்குள் அவள் வாயும் மூட வேண்டும். நான் சொன்னேன்: "உம்மடை பைக்குள்ளை அப்பிடி ஒண்டும் இருந்ததா எனக்குத் தெரியேல்லையே பிள்ளை."

லோஞ்சுக்கே மூச்சு வந்தது. பார்த்தீர்களா, அந்த அம்மாவே சொல்லுகிறா என்று பலரும் தலையாட்டினார்கள். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள். அதற்குப் பிறகு கத்தவில்லை.

எங்களுக்குத் துணிவில்லை என்று நீ நினைக்கலாம். துணிவு நிறைய உண்டு மகனே. தியேட்டருக்கு முன்னால் சைக்கிள் டைனமோவைக் கழற்றின ஒருத்தனைப் பிடித்து அடித்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? நீ புதிதாக வேலைக்குப் போகத் தொடங்கிய காலம். மெலிந்த மனிதன், இடுப்பில் கட்டியிருந்த சாரமும் கிழிந்து, அவனைக் கம்பத்தில் கட்டி வைத்து வழியில் போனவன் வந்தவன் எல்லாம் ஆளுக்கொரு அடி. நீயும் ஒரு அறை விட்டதாக வந்து சொன்னாய். நான் கண்டிக்கவில்லை. "கள்ளரை அப்பிடித்தான் செய்யோணும்" என்று சொல்லி உனக்குத் தேத்தண்ணி ஊற்றினேன். அன்று அடித்தவர்களில் எத்தனை பேர் பிறகு அந்த லோஞ்சில் இருந்தார்களோ தெரியாது. கள்ளன் தனியாளாக, அழுக்காக, கை கட்டப்பட்டு நின்றால் எங்களுக்கு நீதி நியாயம் எல்லாம் ஞாபகம் வரும். எங்கள் இடுப்பில் ஏதும் கட்டியிருந்தால் வராது. உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி இவ்வளவுதான், அதையும் பிந்தித்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. வீட்டுக்கு வந்து கட்டுகளை அவிழ்த்து அரிசியைப் பானையில் கொட்டுகிறபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பொலிஸ் திருகோணமலைத் துறையில்தானே நின்றது, மூதூரில் இல்லையே. லோஞ்சைத் திருப்புங்கள் என்று ஒரு ஆள் சொல்லியிருந்தால் போதும். மூதூருக்கே திரும்பிப் போய், எங்களுக்குள்ளேயே தேடியிருக்கலாம். ஒருவருடைய அரிசியும் போயிருக்காது. அவளுடைய சங்கிலியும் போயிருக்காது. அத்தனை பேர் இருந்தோம், படித்தவர்களும் இருந்தார்கள். ஒருவருக்கும் தோன்றவில்லை. பயந்த மனது தன் பையை மட்டும்தான் யோசிக்கும் போலிருக்கிறது. பானைக்குப் பக்கத்தில் அப்படியே இருந்துவிட்டேன்.

துறையில் நடந்ததையும் சொல்லவேண்டும், அதைத்தான் சொல்ல ஏலாமல் இவ்வளவு நாளும் கிடந்தேன். லோஞ்சு கட்டியதும் அவள் பொலிஸ்காரரை நோக்கி எழும்பினாள். சனம் அவளைச் சுற்றி நின்றுகொண்டது. ஒருவரும் அவளைப் பிடிக்கவில்லை, தள்ளவுமில்லை. சும்மா வழி விடாமல் நின்றார்கள். "என்ன சத்தம்?" என்று பொலிஸ்காரர் கேட்டார். "கடல் மயக்கம் ஐயா, பாவம், ஒரே வாந்தி" என்று இரண்டு மூன்று பேர் ஒரே வாயாகச் சொன்னார்கள். அந்த நேரம் என் முழங்கையை ஒரு கை பிடித்தது. வெள்ளைச் சேட்டுக்காரன். "அம்மா, பாத்து, மெல்ல இறங்குங்கோ" என்றான். நான் கையை உதறவில்லை. அவன் என்னைத் தாங்கிப் பிடித்தபடி பலகையால் இறக்கி, பொலிஸ்காரருக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனான். அவர் சிங்களவர், தமிழை உடைத்து உடைத்துப் பேசுவார். என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "நல்ல மகன், அம்மா" என்று சொல்லி விலகி நின்றார். நான் தலையாட்டினேன். ஓம் என்றுகூட வாயால் சொன்னேன். றோட்டுக்கு வந்ததும் அவன் கையை விட்டுவிட்டு, "கவனமாப் போங்கோ அம்மா, நல்ல கனம்தானே" என்றான். அன்று நான் உன்னைப் பெற்றவள் மாதிரியே அவனைப் பெற்றவளாகவும் நடந்தேன்.

உன் விருந்து முடிந்தது. நீயும் வேலைக்கு மட்டக்களப்புக்குப் போய்விட்டாய். தோப்பூர் வீட்டுக்குப் பலகாரம் கொடுப்பதற்காக நான் மறுபடியும் லோஞ்சில் போனேன். பின் வாங்கில் இரண்டு பெண்கள் கதைத்துக்கொண்டு வந்தார்கள். ஜெமீலா என்ற ஒருத்தி மாமியார் கொடுத்த சங்கிலியைக் கடை நொடித்துப்போன தன் தம்பிக்கு இரகசியமாகக் கொடுத்துவிட்டு, லோஞ்சில் களவு போனதாக நாடகம் ஆடினாளாம். பெண்ணின் நிக்காஹ் நின்றுவிட்டதாம். புருஷன் கோபித்துக்கொண்டு தன் தாய் வீட்டுக்குப் போய்விட்டாராம். "களவு போயிருந்தா ஆராச்சும் கண்டிருக்க மாட்டாங்களா? பக்கத்துல இருந்த தமிழ் அம்மாவே, பைக்குள்ள ஒண்டுமில்ல எண்டு சொன்னாவாம்" என்றாள் ஒருத்தி. அந்தத் தமிழ் அம்மா முன் வாங்கில் பலகாரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அன்றைக்கு இடுப்பில் அரிசியும் இல்லை. அப்போதும் நான் திரும்பவில்லை.

போன சனிக்கிழமைதான் போனேன். பெட்டகத்தைத் திறந்து, உன் அப்பா போனபிறகு போடாத என் சங்கிலியை எடுத்துக்கொண்டு, மூதூரில் விசாரித்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். அவள் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். முற்றத்தில் ஒரு கதிரை போட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன்: சேட்டு, பேப்பர், லேஞ்சி, என் இடுப்பு. ஏசுவாள், அழுவாள் என்று நினைத்துக்கொண்டு போனவளுக்கு அவள் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தது பெரிய தண்டனையாக இருந்தது. முடித்ததும் கேட்டாள்:

"இத எனக்கு ஏன் சொல்றீங்க அக்கா? எனக்குத் தெரிஞ்ச கதைதானே."

நான் சங்கிலியை நீட்டினேன். அவள் தொடவேயில்லை. "இதக் கொண்டுபோய்க் காட்டினா, ஒளிச்சு வச்சத இப்ப எடுத்துட்டாள் எண்டு சொல்லுவாங்க. எனக்குத் தங்கம் வேணாம். வாற வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிய, எண்ட புருஷன்ட காக்கா தம்பிமாரும் பள்ளி நிர்வாக மரைக்கார்மாரும் எண்ட விஷயமாக் கூடுறாங்க. அங்க வந்து சொல்லுங்க."

"வாறன் பிள்ளை" என்றேன்.

"தனியா வராதீங்க. நான் ஆரோ ஒரு பொம்பிளயப் புடிச்சிட்டு வந்தன் எண்டு தட்டிவிட்டுருவாங்க. உங்கட பக்கத்துல ஆம்புள ஒருத்தர் நிக்கணும். ஆம்புளப் புள்ள இல்லையா உங்களுக்கு?"

இருக்கிறான் என்று சொன்னேன். என்ன வேலை என்று கேட்டாள். அதையும் சொன்னேன். அவள் முதல் தடவையாகச் சிரித்தாள், நல்ல சிரிப்பில்லை. "அப்ப அவர் வர மாட்டார்" என்றாள்.

ஆகவே மகனே, விஷயம் இதுதான். வருகிற வெள்ளிக்கிழமை காலை லோஞ்சுக்கு நான் துறையில் நிற்பேன். அந்தச் சபையில் அரிசிக் கதையையும் சொல்லாமல் மற்றக் கதையைச் சொல்ல ஏலாது. ஏன் பேசாமல் இருந்தாய் என்று கேட்பார்கள்தானே. சொன்னால் கதை கடலைக் கடந்து வரும். உன் மாமி புகழ்ந்த சோறு எது என்று அவவுக்குத் தெரியவரும். உன் கச்சேரிக்கும் போகும். உணவுப் பகுதி உத்தியோகத்தனின் தாய் இடுப்பில் அரிசி கட்டிக் கடத்தினாள் என்று உன் பெரியவர் உன்னைக் கூப்பிட்டுக் கேட்கலாம். வேலைக்கு என்ன வருமோ எனக்குத் தெரியாது. உன் மனைவியிடமும் கேட்டு முடிவெடு, அவளுடைய வாழ்க்கையும் இதற்குள் இருக்கிறது. நீ வராவிட்டால் நான் தனியாகப் போவேன். அவர்கள் தட்டிவிட்டாலும் சொல்லிவிட்டு வருவேன். உன்மேல் கோபப்பட மாட்டேன், எனக்கு அந்த உரிமை இல்லை.

ஆனால் ஒன்று மட்டும் யோசி. அன்று இலையில் சோற்றைக் கண்டபோது, எங்கே வாங்கினீர்கள் என்று நீ கேட்கவில்லை. நான் பேசாமல் இருந்ததைப் போலத்தான் நீயும் பேசாமல் இருந்தாய். உனக்கும் ருசியாக இருந்தது. அப்போது உனக்கு ஒன்றும் தெரியாது என்று நீ சொல்லலாம், நானும் ஓம் என்பேன். இப்போது ஜெமீலா என்று ஒரு பெண் மூதூரில் கள்ளி என்ற பெயரோடு இருக்கிறாள், எடுத்தவனை விட்டால், அவள் கள்ளி இல்லை என்று இரண்டே பேருக்குத்தான் தெரியும் என்று இருந்தது, அவளுக்கும் எனக்கும். இந்தக் கடிதத்தை நீ வாசித்து முடித்துவிட்டாய். இனி நீயும் கண்டவன்தான்.

அம்மா